அவள் ஏறாத விமானம்

என் மனைவி லண்டனிலிருந்து தனியாகத் திரும்பி வந்த நாளில் நான் வேறொரு விமானத்தின் பின்னால் ஓடிக்கொண்டிருந்தேன். என் மகள் இன்றைக்கும் இதைச் சொல்லிச் சிரிக்கிறாள். தோட்டத்தில் ஒருவர் விடாமல் அத்தனை பேருக்கும் தெரியும். ஆளுக்கொரு விதமாகக் கண்ணும் மூக்கும் வைத்துச் சொல்லித் திரிகிறார்கள். நடந்ததை நானே எழுதிவிட்டால் உண்மையாவது மிஞ்சுமே என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

லுக்குட் என்ற ஊரிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ஒரு செம்பனை எண்ணெய்த் தோட்டத்தில் நான் தராசுக் கிராணி. பழக்குலை ஏற்றிய லோரி எடை மேடையில் ஏறி நின்றதும், அதன் எண்ணையும் நேரத்தையும் எடையையும் பதிந்து ஆலைக்கு அனுப்புவது என் வேலை. முப்பது வருசத்துக்கு மேலாக இதே வேலை, கிட்டத்தட்ட இதே நாற்காலி. எந்த லோரி எங்கே வருகிறது, எது டயர் வெடித்துக் கிடக்கிறது, எந்த டிரைவர் தே தாரேக் குடிக்க வழியில் ஒதுங்கியிருக்கிறார் என்பதையெல்லாம் உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லிவிடுவேன். நேரம் தவறுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அதனால் டிரைவர்கள் மத்தியில் எனக்கு அவ்வளவு நல்ல பெயர் கிடையாது.

மகள் லண்டனில் தாதியாக இருக்கிறாள். மருமகனுக்கும் அங்கேதான் வேலை. முதல் பிள்ளை உண்டாகியிருக்கிறது என்ற செய்தி வந்ததும் என் மனைவி பத்தியச் சாமான், பூண்டு, மஞ்சள் என்று பெட்டியைக் கட்ட ஆரம்பித்துவிட்டாள். போகும்போது துணைக்கு மருமகன் இருந்தார். விடுமுறைக்கு வந்திருந்தவர் கையோடு அழைத்துப் போனார். திரும்பும்போதுதான் தனியாக வர வேண்டியதாயிற்று. நேரே வருகிற விமானமும் இல்லை. நடுவில் ஒரு பாலைவன ஊரில் இறங்கி, இரண்டு மணி நேரம் காத்திருந்து, வேறு விமானம் ஏற வேண்டும்.

"நீங்களும் வந்தா என்னங்க? பேரனப் பாத்த மாதிரியும் இருக்கும், திரும்பி வர்றப்ப எனக்குத் தொணையாவும் இருக்கும்" என்று போவதற்கு முன்னால் எத்தனையோ முறை கேட்டாள்.

"நான் வந்துட்டா தராசை யாரு பாக்குறது?" என்றேன். மாற்றுக் கிராணி ஒருவர் இருக்கிறார். நான் டெங்கி காய்ச்சலில் பத்து நாள் படுத்துக் கிடந்தபோது அவர் ஒரு குறையும் இல்லாமல் பார்த்துக்கொண்டார். அது அவளுக்கும் தெரியும். ஆனாலும் அதற்கு மேல் கேட்கவில்லை.

அவளுக்குச் சர்க்கரை. காலையும் இரவும் சாப்பாட்டுக்கு முன்னால் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். ஊசியைப் போட்டுவிட்டு நேரத்துக்குச் சாப்பிடாமல் போனால் உடம்பெல்லாம் வியர்த்து, கைகால் நடுங்கி, அப்படியே விழுந்துவிடுவாள். இரண்டு முறை விழுந்திருக்கிறாள். ஒரு முறை வீட்டுச் சமையல்கட்டில், இன்னொரு முறை சிரம்பான் பேருந்து நிலையத்தில். இரண்டு முறையும் நான் பக்கத்தில் இருந்தேன். வாயில் சீனித் தண்ணீரை ஊற்றி உட்கார வைத்தேன். பக்கத்தில் யாரும் இல்லாத இடத்தில் விழுந்தால் என்ன ஆகும் என்று நான் யோசிக்காமல் இருக்க முயற்சி செய்தேன். அவள் ஆங்கிலத்தில் எண்களைப் படிப்பாள். ஊர்ப் பெயர்களை எழுத்துக் கூட்டி ஒரு மாதிரி சொல்லிவிடுவாள். மலாய் மட்டும் தண்ணீர் பட்ட பாடு.

இந்தக் கவலைக்கு மருந்தாக மகள் ஒரு வேலை செய்தாள். விமானங்களைப் பின்தொடர்ந்து காட்டும் செயலி ஒன்றை, வீடியோ அழைப்பில் வந்து, இங்கே தட்டுங்கள் அங்கே தட்டுங்கள் என்று சொல்லி என் போனில் ஏற்ற வைத்தாள். விமானத்தின் எண்ணைப் போட்டால் போதும். உலகப் படத்தின் மேல் மஞ்சளாக ஒரு சின்ன விமானம் ஊர்ந்து போகும். எத்தனை அடி உயரம், எவ்வளவு வேகம், எத்தனை மணிக்கு வரும், எத்தனை நிமிஷம் தாமதம் என்பதெல்லாம் கீழே இருக்கும். பார்த்ததும் எனக்கு ஒரே சந்தோஷம். இது என் தொழிலாயிற்றே! லோரிகளுக்கு இப்படி ஒன்று கொடுங்கள் என்று முதலாளிமாரிடம் எத்தனை வருசமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அவள் வருவதற்கு ஒரு வாரத்துக்கு முன்பே நான் பயிற்சியில் இறங்கிவிட்டேன். பாலைவன ஊரிலிருந்து சிப்பாங் விமான நிலையத்துக்கு வரும் விமானத்தின் எண்ணைத் தினமும் போட்டுப் பார்த்தேன். காலை ஒன்பது மணிக்கு வர வேண்டியது. ஒரு நாள் பத்து நிமிஷம் முன்னால் வரும். மறுநாள் நாற்பது நிமிஷம் பிந்தி வரும். பிந்தி வந்தால் தராசு மேடையில் உட்கார்ந்தபடியே திட்டுவேன். டிரைவர்களிடம் "இன்னைக்கு நம்ம பிளேன் லேட்டு" என்பேன். அவர்களுக்குச் சிரிப்பு. "என்ன கிராணி, பிளேனுக்கும் எடை போட ஆரம்பிச்சிட்டீங்களா?" என்றார் ஒருவர்.

அவள் லண்டனில் ஏறும் நாளன்று காலையில் பார்த்தால் நம்ம பிளேன் வரவே இல்லை. பாலைவன ஊரிலேயே நின்றது. தாமதம் என்று சிவப்பில் போட்டிருந்தது. மத்தியானம் பார்த்தேன், அப்போதும் அங்கேயே நின்றது. ஏதோ கெட்டுப் போயிருக்கிறது என்று புரிந்தது. இதற்கு நான் கவலைப்பட்டிருக்க வேண்டும் என்று நினைப்பீர்கள். நான் கவலைப்படவில்லை. லோரி கெட்டு நின்றால் எப்படிக் கணக்குப் போடுவேனோ அப்படித்தான் போட்டேன். அது இப்போது அங்கே நிற்கிறது, இவள் இன்றிரவு அங்கே போய் இறங்கப் போகிறாள், அதற்குள் சரிசெய்துவிடுவார்கள், இவளுக்காகத் தயாராக நிற்கும். நல்லதாய்ப் போயிற்று என்று கூட நினைத்தேன். என் மூளை அவ்வளவு வேலை செய்தது.

சாயந்திரம் மகளிடமிருந்து செய்தி வந்தது. அம்மாவை விட்டுவிட்டேன், உள்ளே போய்விட்டாள், சாப்பாடும் ஊசியும் கைப்பையில் இருக்கிறது, மருத்துவர் கடிதமும் இருக்கிறது. நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

காலை ஐந்தரைக்கு எழுந்தேன். அந்த நேரத்தில் தோட்டத்தில் பெரட்டு. ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிட்டு வேலைக்குப் பிரித்துவிடுவார்கள். எழுந்ததும் போனைத்தான் பார்த்தேன். அம்மா முதல் விமானத்திலிருந்து சரியான நேரத்துக்கு இறங்கிவிட்டாள் என்று மகள் செய்தி போட்டிருந்தாள். உடனே எண்ணைப் போட்டேன். நம்ம பிளேன் பறந்துகொண்டிருந்தது! சென்னையைத் தாண்டி வங்கக் கடலுக்கு மேலே வந்துகொண்டிருந்தது. எட்டு நாற்பதுக்கே இறங்கிவிடும் என்று போட்டிருந்தது. இருபது நிமிஷம் முன்னதாகவே! சாமி படத்துக்கு முன்னால் நின்று கற்பூரம் ஏற்றினேன். அவளுக்கு ஒரு செய்தி போட்டேன். ஒற்றைக் குறியோடு நின்றது. மேலே பறக்கிறவளுக்கு எப்படிப் போய்ச் சேரும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

விமான நிலையத்துக்குக் காரில் கிளம்பினேன். லுக்குட்டில் காடியை நிறுத்தி இரண்டு பொட்டலம் நாசி லெமாக் சோறு தபாவ் கட்டி வாங்கிக்கொண்டேன். வெளியே வந்ததும் முதலில் அவளைச் சாப்பிட வைக்க வேண்டும், மற்றதெல்லாம் பிறகு. விமான நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது எட்டு மணிதான். பயணிகள் வெளியே வரும் கதவுக்கு நேராக, கம்பிக்குப் பக்கத்தில் முன்வரிசையில் ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டேன். எட்டு முப்பத்தெட்டுக்கு இறங்கியது. பலகையிலும் வந்தது, என் போனிலும் வந்தது. பக்கத்தில் நின்றவரிடம் "சொன்னதுக்கும் ரெண்டு நிமிஷம் முன்னாடியே" என்று பெருமையாகக் காட்டினேன். அவர் யாரென்றே எனக்குத் தெரியாது.

ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். எல்லாருடைய முகமும் செத்துப் போயிருந்தது. கசங்கிய சட்டை, சிவந்த கண். ஒரு பெரியவர் யாரையோ போனில் கத்திக்கொண்டே போனார். நீண்ட பயணம் என்றால் இப்படித்தான் ஆகிவிடுவார்கள் போலிருக்கிறது என்று நினைத்தேன். கூட்டம் மொய்த்தது, பிறகு மெலிந்தது, பிறகு ஒருவர் இருவராக வந்தார்கள். ஒன்பதே முக்கால் ஆயிற்று. விமானச் சிப்பந்திகளே பெட்டியை உருட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அதற்குப் பிறகு அந்தக் கதவு திறக்கவில்லை.

கம்பியை விட்டுக் கதவுக்குப் பக்கத்தில் போய் எட்டிப் பார்த்தேன். கழிப்பறைக்குப் போயிருப்பாள், பெட்டி வராமல் நிற்பாள், சுங்கத்தில் ஊசியைப் பார்த்து ஏதாவது கேட்டிருப்பார்கள் என்று ஒன்றொன்றாகச் சொல்லிப் பார்த்தேன். ஒன்றும் நிற்கவில்லை. செய்தி இன்னும் ஒற்றைக் குறியோடுதான் இருந்தது. விமானம் இறங்கி ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. போனைக்கூடத் திறக்க முடியாத நிலையில் இருக்கிறாளா? என் கண்ணுக்கு முன்னால் சிரம்பான் பேருந்து நிலையத்தின் சிமெண்டுத் தரைதான் வந்தது.

மகளை அழைத்தேன். அங்கே அப்போது விடியவில்லை. பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டு விழித்துத்தான் இருந்தாள். "அப்பா, அம்மா வந்தாச்சா?" என்றாள். "எல்லாரும் வெளிய வந்துட்டாங்க, அம்மாவக் காணோம்" என்று சொல்லி முடிப்பதற்குள் என் குரல் உடைந்துவிட்டது. அவள் பதறிப் போனாள். "அங்க கவுண்டர் இருக்கும், போய்க் கேளுங்கப்பா, போன வைக்காதீங்க" என்றாள்.

தகவல் முகப்பில் முக்காடு அணிந்த ஒரு மலாய்ப் பெண் இருந்தாள். என் மகள் வயதுதான் இருக்கும். நான் எண்ணைச் சொன்னேன், மனைவி வெளியே வரவில்லை, சர்க்கரை நோயாளி, உள்ளே யாரையாவது அனுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள் என்று கொட்டித் தீர்த்தேன். அவள் கணினியைத் தட்டிப் பார்த்தாள். பிறகு என்னைப் பெரியப்பா என்கிற மாதிரி 'பாக்சிக்' என்று கூப்பிட்டு மலாயில் நிதானமாகச் சொன்னாள்.

"பாக்சிக், இப்போது இறங்கியது நேற்று வர வேண்டிய விமானம். இன்றைக்கு வர வேண்டியது இன்னும் அங்கிருந்து கிளம்பவே இல்லை."

"எண் இதுதானே?" என்று போனை நீட்டினேன்.

"எண் இதுதான், பாக்சிக். தினமும் இதே எண்தான். ஒன்பது மணிப் பயணத்துக்கு இந்த எண். எந்த விமானம் ஓடினாலும் இதுதான்."

எனக்கு உடனே மண்டையில் ஏறவில்லை. என் உத்தியோகத்தில் ஓர் எண் என்றால் ஒரு லோரி. முன்னாலும் பின்னாலும் தகட்டில் அடித்திருக்கும். லோரியை விற்றாலும் எண் அதோடு போகும். ஒரே எண்ணில் இரண்டு லோரி வந்தால் நான் போலீசுக்குத்தான் போன் செய்வேன். ஒரு வாரமாக "நம்ம பிளேன், நம்ம பிளேன்" என்று நான் கொஞ்சிக்கொண்டிருந்தது ஒரு விமானமே இல்லை. தினமும் வேறு வேறு விமானத்தைத் திட்டியிருக்கிறேன்.

காதில் மகள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். "ஐயோ அப்பா, எண்ணுக்குக் கீழ தேதி போட்டிருக்குமே, பாக்கலையா?" என்றாள். பார்த்திருந்தேன். ஆனால் பாலைவன ஊரில் ஒரு தேதி, இங்கே ஒரு தேதி, லண்டனில் ஒரு தேதி என்று அது குழப்பியதால் அதைக் கண்டுகொள்ளாமல் விட்டிருந்தேன். நேரத்தை மட்டும் பார்த்தேன். கிராணிக்கு நேரம் சரியாக இருந்தால் போதும்.

அவள் தொலைந்து போகவில்லை. அதுவே எனக்குப் பாதி உயிரைத் திருப்பிக் கொடுத்தது. முகப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். அந்தப் பெண் தன் தண்ணீர்ப் புட்டியை எடுத்துக் கொடுத்தாள். வாயை வைக்காமல் அண்ணாந்து குடித்தேன்.

பாதி உயிர் வந்ததும் கோபமும் கூடவே வந்துவிட்டது. ஏன் கிளம்பவில்லை என்று கேட்டேன். நேற்றைய விமானம் கெட்டுப் போய்விட்டதாம். ஒரு நாள் முழுக்கக் காத்துக் கிடந்தவர்களை இன்றைய விமானத்தில் ஏற்றி அனுப்பிவிட்டார்களாம். இன்றைய பயணிகள், கெட்ட விமானம் சரியாகும் வரை உட்கார்ந்திருக்க வேண்டியதாம். "இதென்ன அநியாயம்" என்று வாய் திறந்தவன் அப்படியே மூடிக்கொண்டேன். லோரி கெட்டு நின்றுபோனால் நானும் இதைத்தான் செய்கிறேன். நேற்று வெட்டிய குலையைத்தான் இன்றைய முதல் லோரியில் ஏற்றச் சொல்வேன். வைத்திருந்தால் பழம் கெட்டுவிடும். இன்று வெட்டியது சாயந்திரம் வரை நிழலில் கிடக்கட்டும் என்று எத்தனை ஆயிரம் முறை சொல்லியிருக்கிறேன். இன்றைக்கு என் மனைவி நிழலில் கிடந்தாள்.

நம்ம நேரத்துக்குப் பதினொன்றுக்குக் கிளம்பினால் சாயந்திரம் ஆறுக்கு வரும் என்றாள் அந்தப் பெண். வீட்டுக்குப் போய்விட்டு வாருங்கள், பாக்சிக் என்றும் சொன்னாள். நான் எங்கேயும் போகவில்லை. ஒரு தூணுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன்.

கணக்குப் போட்டால், நம்ம நேரத்துக்கு நள்ளிரவில் இறங்கியவள் அந்த ஊரில் பதினொரு மணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும். இரவு ஊசி எப்போது போட்டிருப்பாள்? விமானத்தில் சாப்பாடு கொடுப்பார்கள் என்று நம்பிப் போட்டுவிட்டு, விமானமே இல்லை என்று ஆகியிருந்தால்? அவள் கையிலிருந்த சிம் அங்கே வேலை செய்யாது. அந்த நிலையத்தின் இணையத்தில் சேர என்னென்னவோ நிரப்ப வேண்டும் என்று மகள் சொன்னாள். அறிவிப்பெல்லாம் ஆங்கிலத்திலும் அரபியிலும் இருக்கும். விமானம் ஏறும் வாசலின் எண்ணை வேறு மாற்றுவார்களாம்.

பதினொன்று ஐந்துக்கு விமானம் கிளம்பியது. இந்த முறை தேதியைத் தொட்டுத்தான் பார்த்தேன். மகளும் அங்கிருந்து பார்த்து உறுதி சொன்னாள். மஞ்சள் விமானம் ஓடுபாதையை விட்டு நகர்ந்ததும் "அப்பாடா" என்று சாய்ந்தேன். சாய்ந்த அடுத்த நிமிஷமே எழுந்து உட்கார்ந்தேன். விமானம் எங்கே பறக்கிறது, எத்தனை அடியில் பறக்கிறது என்று அந்தச் செயலிக்குத் தெரியும். அவள் அதற்குள் இருக்கிறாளா என்று அதற்குத் தெரியாது. மகள் விமான நிறுவனத்துக்குப் போன் போட்டாள். பயணிகள் விவரம் சொல்ல மாட்டோம் என்றுவிட்டார்கள்.

அந்த ஏழு மணி நேரத்தில் எனக்கு நானே ஒரு விஷயத்தை ஒத்துக்கொள்ள வேண்டி வந்தது. நான் லண்டனுக்குப் போகாததற்குத் தராசு காரணம் இல்லை. எனக்கு விமானம் என்றால் பயம். எங்கள் தோட்டத்துக்கு மேலேதான் விமானங்கள் சக்கரத்தை நீட்டிக்கொண்டு இறங்கிப் போகும். முப்பது வருசமாக அவற்றை அண்ணாந்து பார்க்கிறேன், ஒரு நாள்கூட அதற்குள் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று தோன்றியதில்லை. இவ்வளவு இரும்பு மேலே நிற்பதே தப்பு என்றுதான் தோன்றும். எடை போட்டுப் பிழைக்கிறவனுக்கு அப்படித்தான் தோன்றும். இதை யாரிடமும் சொன்னதில்லை. ஆம்பிளை, அதுவும் கிராணி, எப்படிச் சொல்வது? அந்த வீறாப்புக்காகச் சர்க்கரைக்காரியைத் தனியாக அனுப்பினேன். அவளுக்கு ஏதாவது ஆகியிருந்தால் அதற்கு நான்தான் காரணம் என்று அந்த நாற்காலியில் உட்கார்ந்து பல முறை சொல்லிக்கொண்டேன். வெட்கமில்லாமல் அழவும் செய்தேன். நாசி லெமாக் பொட்டலம் இரண்டும் மடியிலேயே ஆறிப் போய்க் கிடந்தன.

ஆறு மணிக்கு இறங்கியது. நான் மறுபடியும் கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்வரிசையில் நின்றேன். இந்த முறை பக்கத்தில் நின்றவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. கதவு திறந்தது. அதே செத்த முகங்கள், அதே கசங்கிய சட்டைகள். பத்து பேர், இருபது பேர், ஐம்பது பேர்.

அப்புறம் அவள் வந்தாள்.

பச்சைப் புடவை, மேலே மகளுடைய குளிர்ச் சட்டை. தலை நிமிர்ந்து தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். பின்னால் ஒரு வயதான மலாய்த் தம்பதி, அவர்களுக்குப் பின்னால் ஊன்றுகோலோடு ஒரு சீனக் கிழவி, கடைசியில் இன்னும் ஒரு தமிழ் அம்மாள். வரிசை கலையாமல் வந்தார்கள். கதவைத் தாண்டியதும் அவள் நின்றாள். நான் கையைத் தூக்கி ஆட்டினேன். என்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, திரும்பி நின்று, விரலை நீட்டி நீட்டி அவர்களை எண்ணினாள். எண்ணி முடித்த பிறகுதான் என்னிடம் வந்தாள்!

என் மனைவி இரண்டு வருசத்துக்கு முன்பு வரை தோட்டத்தில் உரம் போடும் பெண்களை மேற்பார்க்கும் மண்டோராக இருந்தவள். இருபத்தெட்டுப் பேரைக் காலையில் டிராக்டரில் ஏற்றும்போது எண்ணுவாள், சாப்பாட்டு நேரத்தில் எண்ணுவாள், திரும்பும்போது எண்ணுவாள். ஒருத்தியைக்கூடக் காட்டில் விட்டுவிட்டு வந்ததில்லை. அவளைத்தான் நான் காலையிலிருந்து ஒரு பார்சலைப் போல நினைத்து அழுதுகொண்டிருந்தேன்.

"ஏங்க அழுவுறீங்க? நான்தான் வந்துட்டேன்லா" என்றாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்து மூக்கெல்லாம் ஒழுகிற்று. சுற்றிலும் ஆட்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன். கல்யாணமான இத்தனை வருசத்தில் நாலு பேர் பார்க்க நான் அவளைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

மலாய்த் தம்பதி கோலா கிளாவாங்குக்காரர்கள். படிக்கப் போன மகனைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். அந்த அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, உங்கள் மனைவி இல்லாவிட்டால் நாங்கள் இன்னும் அங்கேதான் சுற்றிக்கொண்டிருப்போம் என்றார். விமானம் இல்லை என்றதும் ஆளுக்கு ஒரு பக்கம் ஓடியிருக்கிறார்கள். இவள் ஓடவில்லை. மலாய் பேசுகிற வயதானவர்கள் யார் யார் என்று பார்த்து, கூப்பிட்டு, ஒரே வரிசை நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறாள். பலகையில் எண் மாறுகிறதா என்று பார்க்க ஒருவர், சாப்பாட்டுச் சீட்டை வாங்கி வர ஒருவர், பைகளுக்குக் காவல் ஒருவர். மூன்று முறை வாசலை மாற்றினார்களாம். மூன்று முறையும் இவள் எண்ணி முடித்த பிறகுதான் ஐந்து பேரும் நகர்ந்திருக்கிறார்கள்.

"ஊசி?" என்று கேட்டேன்.

"சோறு கைக்கு வந்தப்புறம்தான் போட்டேன். எனக்குத் தெரியாதாக்கும்" என்றாள்.

அவர்களை எல்லாம் அவரவர் பிள்ளைகளிடம் ஒப்படைத்துவிட்டு, மகளுக்குப் போன் போட்டு அம்மாவின் குரலைக் கேட்க வைத்துவிட்டு, காடிக்கு வந்தோம். உட்கார்ந்ததும் முதல் வேலையாக விரலைக் குத்திச் சர்க்கரையைப் பார்க்கச் சொன்னேன். பார்த்தாள். சரியாக இருந்தது. நான் விட்ட மூச்சில் கண்ணாடி மங்கியது. காலையில் வாங்கிய பொட்டலத்தைப் பிரித்து முகர்ந்து பார்த்தாள். புளித்துவிட்டது என்று முகத்தைச் சுளித்தாள். வழியில் சூடாக ஏதாவது வாங்கிச் சாப்பிட்டுக்கொள்ளலாம் என்று முடிவு செய்தோம். காலையில் நான் அடித்த கூத்தைச் சொன்னேன். எண், லோரி, நம்ம பிளேன், இருபது நிமிஷம் முன்னால், கற்பூரம் எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "போலீசுக்குப் போன் போடாம விட்டீங்களே" என்றாள்.

அவள் சிரித்து ஓய்ந்ததும் நான் அதைச் சொன்னேன்.

"நான் வராததுக்குத் தராசு காரணமில்ல. எனக்குப் பிளேன்னா பயம். அதான் உன்னத் தனியா விட்டுட்டேன்."

திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன். அவள் இடுப்புப் பட்டையை இழுத்து மாட்டினாள்.

"எனக்கு மட்டும் பயமில்லையா?" என்றாள். "ஏறுனதுலேர்ந்து எறங்குற வரைக்கும் பயம்தான். அந்த ஊர்ல உக்காந்திருந்தப்ப செத்துருவேன்னே நெனச்சேன். நாலு பேர எண்ணிக்கிட்டே இருந்ததாலதான் அழாம இருந்தேன். நீங்க பயம்னு அப்பவே சொல்லியிருந்தா, ரெண்டு பேரும் கையப் புடிச்சிக்கிட்டுச் சேந்தே பயந்திருக்கலாம்லா."

சாவியைத் திருப்பாமல் அவள் கையை எடுத்து என் கைக்குள் வைத்துக்கொண்டேன். சர்க்கரை சரியாகத்தான் இருந்தது, ஆனாலும் அந்தக் கை நடுங்கிக்கொண்டிருந்தது.